சப்ரகமுவத் தோட்டங்களில் ஒரு 'வெளியாள்' வேட்பாளர்: ஆதரவாளர்கள் என்ன செய்ய வேண்டும்?

சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் முடிவடைந்தது. அதன் பின்னர் அங்கு மாகாண சபைத் தேர்தல் நடைபெறவில்லை. தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், 2018இல் பாராளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையும் சேர்ந்து இந்த முடக்கத்தை உருவாக்கின. தேர்தல் எப்போது நடந்தாலும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பழைய கேள்வி மீண்டும் எழும். பெரிய கட்சியின் பின்பலமோ பணமோ குடும்பப் பெயரோ இல்லாத, லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரை எங்கள் சார்பில் நிறுத்தினால், அவருக்காக எப்படி வேலை செய்வது?

இந்தக் கேள்விக்கு நுவரெலியாவிலிருந்து பதில் எடுத்துவர முடியாது. நுவரெலியாவில் மலையகத் தமிழர் பெருந்தொகையாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தோட்டங்களில் வாழ்கின்றனர். சப்ரகமுவவில் நிலைமை வேறு. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகலை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய என்று தேயிலைத் தோட்டங்களும் இரப்பர் தோட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்தையும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். கேகாலையில் அதைவிடவும் குறைவு. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் தோட்டத்துத் தமிழர் பலருடைய பார்வையில் இன்னும் வெளியாட்கள்தான். அவர்களிடையேயிருந்து வரும் வேட்பாளர், கட்சி அரசியலுக்கும் வெளியாள், மாவட்டத்தின் பெரும்பான்மைக்கும் வெளியாள்.

கணக்கை முதலில் விளங்கிக்கொள்வோம்

உணர்ச்சியோடு வேலையைத் தொடங்கும் ஆதரவாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது தேர்தல் கணக்கைத்தான். பாராளுமன்றத் தேர்தலில் இரத்தினபுரிக்கு 11 ஆசனங்கள், கேகாலைக்கு 9. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு ஆசனம் மேலதிகமாகப் போய்விடும். மிகுதியைத்தான் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். நூற்றுக்கு ஐந்து வீதம் பெறாத பட்டியல் அந்தப் பிரிப்பில் சேர்க்கப்படாது. ஆகவே, தனித் தமிழ்ப் பட்டியலாக நின்று இந்த மாவட்டங்களில் பாராளுமன்றம் போவது மிகவும் கடினம். மாவட்டத்திலுள்ள தமிழ் வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலுக்குப் புள்ளடி இட்டாலும் ஆசனம் நிச்சயமில்லை.

மாகாண சபையின் பழைய முறையில் கணக்கு வேறாக இருந்தது. இரத்தினபுரிக்கு 24 உறுப்பினர், கேகாலைக்கு 18 உறுப்பினர், மேலதிகமாக இரண்டு என்று 44 ஆசனங்கள். ஆசனங்கள் கூடும்போது ஒரு ஆசனத்துக்குத் தேவையான வாக்கு குறைகிறது. 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி நடந்த தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், ஜனநாயக மக்கள் முன்னணி, மலையக மக்கள் முன்னணி ஆகியவை போட்டியை ஒதுக்கிவைத்துச் சேவல் சின்னத்தின் கீழ் ஒரே பட்டியலாக நின்றன. மாகாணத்தின் மொத்த வாக்குகளில் ஏறத்தாழ மூன்று வீதமே கிடைத்தது. ஆனால் மாவட்டத்துக்கு ஒருவராக இரண்டு உறுப்பினர்கள் தெரிவாகினர். வேறிடங்களில் ஒன்றையொன்று சாடிக்கொண்டிருந்த கட்சிகள் இங்கு ஒன்றுசேர்ந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். வாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு ஆசனமும் போயிருக்கும்.

2020 பாராளுமன்றத் தேர்தலில் பெரிய கூட்டணியின் பட்டியலில் தமிழ் வேட்பாளர் நிறுத்தப்பட்டும் சப்ரகமுவவில் ஆசனம் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்ற சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து தெரிவாகி, பின்னர் பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சரானார். அந்த மாவட்டத்தில் அக்கட்சி எட்டு ஆசனங்களை வென்றது. எட்டுப் பேருக்குள் ஒருவராக வருவதற்கு வேண்டிய விருப்பு வாக்குகளை மாவட்டத்தின் தமிழ் வாக்காளரால் மட்டும் கொடுத்திருக்க முடியாது. பெருந்தொகையான சிங்கள வாக்காளரும் அவருடைய இலக்கத்துக்குப் புள்ளடி இட்டிருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் நாடெங்கும் வீசிய அலையும் அதற்குக் காரணம். கேகாலையில் அதே அலை வீசியும் தமிழர் ஒருவர் தெரிவாகவில்லை.

இந்த அனுபவங்களிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. எந்தச் சபைக்கு, எந்த முறையில் தேர்தல் நடக்கிறது என்பதை அறியாமல் பிரசாரத்தைத் திட்டமிட முடியாது. மாகாண சபைக்குப் பழைய விகிதாசார முறையே மீண்டும் வந்தால் ஒற்றுமைப் பட்டியலுக்கு இடமுண்டு. தொகுதியையும் விகிதாசாரத்தையும் கலந்த முறை வந்தால், சிதறி வாழும் தோட்ட மக்கள் பெரும்பாலான தொகுதிகளில் சிறுபான்மையாகவே இருப்பர். அப்போது கிராமத்து வாக்கு இல்லாமல் எதுவும் நடக்காது.

எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெளியாள்

2024இன் அலைக்கு 88 ஆண்டுகளுக்கு முன்னர், இதே கேகாலை மாவட்டத்தில் வேறொரு வெளியாள் வென்றார். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ருவான்வெல்லைத் தொகுதியில் என்.எம். பெரேரா நின்றார். அவர் கொழும்பிலிருந்து வந்தவர். அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசெம்பரில்தான் தொடங்கப்பட்டிருந்தது. ருவான்வெல்லையோ நிலவுடைமைக் குடும்பங்களின் கோட்டை. 1931இல் மீதெனியா அதிகாரம் மறைந்தபோது அந்த ஆசனம் அவருடைய மகள் அடலீன் மொலமுரேயிடம் போனது.

சில மாதக் குழந்தையான ஒரு கட்சி அந்தக் கோட்டையில் எப்படி வென்றது? 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் உலுக்கியது. கேகாலை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு அந்தக் கிராமங்களுக்குள் நடந்தார்கள். என்.எம். பெரேரா பருப்புப் பங்கிட்டதனால் மக்கள் அவரைப் 'பருப்பு மஹத்தயா' என்று அழைத்தார்கள். தேர்தல் வந்தபோது அவரை அறிமுகப்படுத்த மேடை தேவைப்படவில்லை. காய்ச்சலோடு படுத்திருந்த வீட்டுக்கு வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்றைய ஆதரவாளருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. பிரசாரம் வேட்புமனுத் தாக்கல் செய்யும் நாளில் தொடங்குவதில்லை. ஒரு மண்சரிவு, ஒரு வெள்ளம், பிறப்புச் சான்றிதழுக்கான ஒரு அலைச்சல், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துக்காட்ட ஆளில்லாத ஒரு குடும்பம் என்று எங்கே தேவை இருக்கிறதோ அங்கே அந்த அணி முன்னரே போயிருக்க வேண்டும். அப்படிப் போகாத அணி, கடைசி ஐந்து வாரத்தில் எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தாலும் 'தேர்தலுக்கு வந்தவர்கள்' என்றே பார்க்கப்படும்.

வாக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. நாடற்றவர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற வாக்கு, இன்று பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் வீணாவது பெரும் வேதனை.

வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் தரும் படிவம் லயத்துக்கு வந்ததா? பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்டதா? வேறு தோட்டத்துக்கு மணமுடித்துப் போன பெண்ணின் பெயர் பழைய தோட்டத்திலேயே கிடக்கிறதா? கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளைஞரின் பெயர் எங்கே இருக்கிறது? தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது ஏற்பட்ட பிழையால் அடையாள அட்டையும் இடாப்பும் ஒத்துப்போகவில்லையா? லயத்துக்கு இரண்டு பேர் ஒரு கொப்பியோடு இறங்கினால் இவற்றை ஒரு மாதத்தில் அறிந்துவிடலாம். இடாப்பு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் ஆட்சேபனையும் கோரிக்கையும் கொடுக்கலாம். அந்தக் காலத்தைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது, வாக்களிக்கும் முறை. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு எதிரே முதலில் புள்ளடி இட வேண்டும். அதன் பிறகே விருப்பு இலக்கங்கள், அதிகபட்சம் மூன்று. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். இதை மேடையில் ஒருமுறை அறிவித்தால் போதாது. கோயில் முன்றலிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பெண்கள் கூடும் இடங்களிலும் பலமுறை செய்துகாட்ட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோரில் பெண்களே கூடுதல். அவர்களுக்கு விளங்கினால் வீட்டுக்கே விளங்கும்.

வேலைநாளில் தேர்தல் வந்தால் வாக்களிக்க விடுமுறை கேட்பது சட்டப்படியான உரிமை. தூர இடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி, பஸ் பயணத்தையும் ஒழுங்குசெய்துகொள்ளச் சொல்ல வேண்டும். ஆனால் வேட்பாளரின் பணத்தில் வாகனம் பிடித்து வாக்காளரை ஏற்றுவது தேர்தல் சட்டத்தில் சிக்க வைக்கும்.

மூன்றாவது விருப்பு வாக்கும் அடுத்த கிராமமும்

ஒரே பட்டியலில் நிற்கும் வேட்பாளர்கள் விருப்பு வாக்குக்காக ஒருவரோடொருவர் மோதிக்கொள்வது வழமை. தோட்டத்து வேட்பாளருக்கு அந்த மோதலில் இலாபமில்லை. 'எங்கள் முதல் விருப்பு எங்கள் பிள்ளைக்கு. அடுத்த இரண்டும் உங்களுக்கு. உங்கள் கிராமத்தின் மூன்றாவது விருப்பை எங்களுக்குத் தாருங்கள்' என்று அதே பட்டியலிலுள்ள சிங்கள வேட்பாளரின் ஆதரவாளரோடு பேசலாம். பேசியதை நேர்மையாக நிறைவேற்றவும் வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த தேர்தலில் அந்தக் கதவு திறக்காது.

கிராமத்துக்குப் போகும்போது எதைப் பேசுவது? தோட்டத்தின் குறைகளை மட்டும் சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுபோனால் கேட்பார் இருக்கமாட்டார். இரு தரப்புக்கும் பொதுவான பிரச்சினைகள் ஏராளம். பச்சைக் கொழுந்தின் விலை சிறு தோட்ட உடைமையாளரின் கவலை. உடைந்த வீதியில் ஒரே பஸ்ஸில்தான் தோட்டத்தாரும் கிராமத்தாரும் போகிறார்கள். கிராமிய வைத்தியசாலையில் வைத்தியர் இல்லாவிட்டால் இருவரும்தான் அலைகிறார்கள். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் சிங்களக் கிராமங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயம் புதைந்தது. மலை யாரென்று பார்த்துச் சரியவில்லை. அபாய வலயத்திலுள்ளவர்களுக்கு மாற்றுக் காணி என்ற கோரிக்கையை இரு சமூகத்தின் கையெழுத்தோடு முன்வைக்கும் வேட்பாளரை 'அவர்களுடைய ஆள்' என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பேச்சில் ஏன் இத்தனை கவனம்?

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் டிக்டொக்கிலும் இப்போது பிரசாரத்தின் பாதி நடக்கிறது. எதிர்த்தரப்பைத் திட்டும் ஒரு பதிவு ஆயிரம் விருப்பங்களைப் பெறும். ஆனால் அதை எழுதியவர் எங்கோ ஒரு நகரத்தில் இருப்பார். பதில் கொடுக்க வருபவர் நேராக லயத்துக்கு வருவார்.

இதைக் கற்பனை என்று வடக்கு கிழக்கு வாசகர் எவரும் நினைக்கமாட்டார். 1977 ஜூலையில் பொதுத்தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. தோட்டங்களும் தப்பவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 வந்தது. இந்த மூன்று அலைகளிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். பின்னர் வன்னிப் போரையும் அவர்களே முன்வரிசையில் நின்று அனுபவித்தார்கள். இரத்தினபுரியில் பிறந்து, வவுனியாவில் வளர்ந்து, முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே சப்ரகமுவவில் ஒரு வேட்பாளரின் ஆதரவாளர், வாக்களிப்புக்கு மறுநாளும் அதே கடையில் பாண் வாங்க வேண்டியவர் என்பதை நினைவில் வைத்துப் பேச வேண்டும். எதிர் வேட்பாளரின் இனத்தையும் சாதியையும் குடும்பத்தையும் இழுக்கக் கூடாது. உறுதிசெய்யாத செய்தியைப் பகிரக் கூடாது. வெறுப்புப் பதிவு வந்தால் பதிலுக்குத் திட்டாமல் படம் பிடித்துத் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் முறையிட வேண்டும். வென்றால் பட்டாசு கொளுத்திக் கிராமத்து வீதியில் ஊர்வலம் போகும் ஆசையைக் கூட அடக்கிக்கொள்வது நல்லது. இது பயந்து ஒதுங்குவதாகாது. எங்கள் மக்களின் பாதுகாப்பு நாங்கள் பேசும் சொல்லிலும் தங்கியிருக்கிறது என்ற பொறுப்பு அது.

முடியாததை வாக்களிக்காதீர்கள்

2024 மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். ஜூலையில் உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாக முடிந்தது. பெரிய தலைவர்களின் வாக்குறுதியே இப்படித் தேய்ந்ததைக் கண்ட மக்களிடம், மாகாண சபைக்கு நிற்கும் ஒருவர் 'சம்பளத்தைக் கூட்டித் தருவேன்' என்று சொன்னால் அது ஏமாற்று. சம்பளத்தைத் தீர்மானிப்பது மாகாண சபை அல்ல.

எந்தச் சபை எதைச் செய்ய முடியும் என்பதை ஆதரவாளர் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் வருபவை. தமிழ்மொழி ஆசிரியர் வெற்றிடம், விஞ்ஞான, கணித வகுப்பு, கிராமிய வைத்தியசாலை, மாகாண வீதி ஆகியவை அங்கு பேச வேண்டியவை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதற்கு இருந்த சட்டத் தடை 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி நீக்கப்பட்டது. லயத்துக்கான பாதை, குடிநீர், தெருவிளக்கு பற்றி இப்போது பிரதேச சபை உறுப்பினரை உரிமையோடு கேட்கலாம். மூன்றே மூன்று வாக்குறுதிகள், ஒவ்வொன்றையும் எந்த அதிகாரத்தால், எத்தனை ஆண்டில் செய்ய முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுக்கும் வேட்பாளரை மக்கள் நம்புவார்கள். பின்னர் அதே தாளைக் காட்டிக் கேள்வியும் கேட்பார்கள். அது நல்லதுதான்.

பணமும் சாராயமும்

தேர்தல் காலத்தில் லயத்துக்குச் சாராயப் போத்தல் வருவது யாரும் அறியாத இரகசியமல்ல. வாக்காளரை உணவாலும் குடியாலும் உபசரிப்பது சட்டப்படி குற்றம். அந்தக் குடியின் சுமையைப் பின்னர் அடுப்படியில் பெண்களே தாங்குகிறார்கள். 'எங்கள் அணி ஒரு போத்தலும் கொடுக்காது' என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் சில வாக்குகள் போகலாம். ஆனால் பெண்கள் அதை மறக்கமாட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் செலவுக்கு எல்லை வைக்கிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அடையாளம் தெரியாதவரிடமிருந்தும், வெளிநாட்டு அரசுகளிடமிருந்தும், வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடை பெற முடியாது. புலம்பெயர் நாடுகளிலிருந்து நல்ல மனதோடு அனுப்பும் பணம் கூட, கணக்கில்லாமல் வந்தால் வேட்பாளரின் பதவியையே பறிக்கக்கூடும். சட்டத்தை வாசித்த ஒருவரைப் பொருளாளராக்கி, ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும்.

வடக்கிலும் வெளிநாட்டிலும் இருப்போர் செய்யக்கூடிய சிறந்த உதவி வேறு. ஆண்டு முழுவதும் மாணவருக்குப் பாட உதவி, சட்ட ஆலோசனை, மொழிபெயர்ப்பு, அடையாள ஆவணங்களைச் சீர்செய்யக் கைகொடுத்தல் ஆகியவை தேர்தலோடு ஒட்டாமல் நடக்கலாம். தேர்தல் நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அணி வந்து மேடையேறினால், அந்த வேட்பாளர் 'வடக்கின் ஆள்' என்று முத்திரை குத்தப்படுவார். தோட்டத்து மக்களின் முடிவைத் தோட்டத்து மக்களே எடுக்கட்டும். அவர்களுக்காக நாம் வேட்பாளரைத் தெரிவுசெய்வது அக்கறையின் பெயரால் செய்யும் இன்னொரு அதிகாரம்.

தோற்றாலும் வென்றாலும்

முதல் முயற்சியில் வெளியாள் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். அனுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதித் தேர்தலில் பெற்றது மூன்று வீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 42 வீதத்தைத் தாண்டினார். இடையில் பொருளாதார நெருக்கடியும் மக்கள் எழுச்சியும் வந்தன என்பது உண்மை. ஆனால் அந்த நேரம் வந்தபோது கிராமந்தோறும் ஒரு அமைப்பு கலையாமல் இருந்தது என்பதும் உண்மை.

தோற்ற மறுநாள் குழு கலைந்துவிட்டால் செலவழித்த உழைப்பு முழுவதும் வீண். இடாப்பு பார்த்த கொப்பி, கிராமத்தில் பழக்கமான முகங்கள், கணக்கு எழுதப் பழகிய பிள்ளைகள் எல்லாம் அடுத்த தேர்தலுக்கான முதல். வென்றுவிட்டால் வேலை இன்னும் கூடும். ஆளுங்கட்சிக்குள் ஒரு தோட்டத்துப் பிள்ளை இருக்கிறார் என்பதற்காக அவர் எதைச் செய்தாலும் காப்பாற்றுவது ஆதரவாளரின் கடமையல்ல. எழுதிக்கொடுத்த மூன்று வாக்குறுதிகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயில் முன்றலில் வைத்துக் கேட்பவரே உண்மையான ஆதரவாளர். அப்படிக் கேட்கப்படும் உறுப்பினருக்குத் தன் கட்சிக்குள் வாதாடவும் பலம் கிடைக்கும்.

தேர்தல் திகதி அறிவிக்கப்படும் வரை இவற்றைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. வேட்பாளர் யார் என்பது கூடத் தெரியாமலே இன்று தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்தில், உங்கள் லயத்தில், பதினெட்டு வயதைத் தாண்டிய எத்தனை பேரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.